எட்டுப் புள்ளிகளும் இருபது தோல்விகளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடத்தை எட்டுவதற்கு முன் வரும் சேரப்பணஞ்சேரியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும், கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என ஏதேனும் ஒன்றை ஷிப்டு ஷிப்டாகச் செய்து தள்ளும் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்களாகவும், வெளியூர்த் தொழிலாளர்கள் அறை எடுத்துத் தங்கும் ஊர்களாகவும் மாறிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய தொழிற்சாலைகளின் தரப் பிரிவில் சேருவோருக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, அளவுகள் தொடர்ந்து ஒரே பக்கமாக விழுவதைக் கண்டால் சும்மா இருக்கக் கூடாது என்பதாகும். அதே தொழிலாளர் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிக் கைப்பேசியில் ஆன்லைன் ஸ்லாட் விளையாட்டைத் திறக்கும்போது அந்தப் பாடமே அவருக்குப் பகையாகிவிடுகிறது. அவர் பணத்தை இழப்பதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் ஓரிடத்தில் முற்றிலும் சரியான ஒரு பழக்கத்தை அது செல்லாத இன்னோரிடத்திற்கு அவர் எடுத்துச் செல்கிறார் என்பதே உண்மைக்கு நெருக்கமான விளக்கம்.

தொழிற்சாலைகளில் கண்ட்ரோல் சார்ட் என்று வழங்கும் கட்டுப்பாட்டு வரைபடம், அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய வால்டர் ஷூவார்ட் என்பவரால் 1924இல் உருவாக்கப்பட்டது. ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை லைனிலிருந்து சில உதிரிப்பாகங்களை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து, அவற்றின் சராசரியை ஒரு புள்ளியாகத் தாளில் இடுவார்கள். நடுவில் ஒரு கோடும், மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகளும் இருக்கும். எல்லையைத் தாண்டிய புள்ளி தவறு என்பது யாருக்கும் விளங்கும். அதைவிட நுட்பமான விதி ஒன்று உண்டு: எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் ஏதோ மாறிவிட்டது என்று கொண்டு இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்னும் இந்த விதி, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1956இல் வெளியிட்ட கையேட்டின் வழியாக உலகெங்கும் பரவியது. பல தொழிற்சாலைகள் எட்டுக்குப் பதில் ஏழு அல்லது ஒன்பது என்று வைத்துக்கொள்கின்றன. ஷூவார்ட் 1947-48இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் அழைப்பின் பேரில் இந்தியாவுக்கே வந்து இம்முறையைப் பற்றிப் பேசிச் சென்றார் என்பதால், ஒரகடத்துத் தரப் பிரிவின் சுவரில் தொங்கும் தாளுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

இந்த விதி ஏன் செல்லுபடியாகிறது என்பதுதான் இங்கே முக்கியம். வெட்டும் டூல் தேய்கிறது. பாகத்தைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் சற்றே தளர்கிறது. இரும்பின் பேட்ச் மாறுகிறது. தேய்ந்த டூல் அடுத்த பாகத்தை வெட்டும்போதும் தேய்ந்த டூலாகவே இருக்கும் என்பதால், முந்தைய பாகத்தில் நேர்ந்தது பிந்தைய பாகத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆகவே தொடர் என்பது அங்கே ஒரு செய்தி. ஆயினும் எந்தக் கோளாறும் இல்லாத லைனிலும் எட்டுப் புள்ளிகள் தற்செயலாக ஒரே பக்கம் விழக்கூடும் என்பதையும், ஒவ்வொரு பக்கமும் விழச் சம வாய்ப்பு இருந்தால் சராசரியாக 255 புள்ளிகளுக்கு ஒரு முறை அப்படி நேரும் என்பதையும் கணக்குக் காட்டுகிறது. மணிக்கு ஒரு புள்ளி வீதம் இரவு பகலாக இட்டால் பத்து அல்லது பதினோரு நாளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரும். அதனால் நேரும் நட்டம் இயந்திரத்தைச் சோதிக்கும் சிறிது நேரம் மட்டுமே என்பதால் தொழிற்சாலை அதைப் பொறுத்துக்கொள்கிறது.

ஸ்லாட் இயந்திரமும் ஒரு காலத்தில் இரும்பால் ஆனதாகவே இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்னும் மெக்கானிக் 1890களில் செய்த லிபர்ட்டி பெல் என்னும் இயந்திரத்தில் மூன்று உருளைகளும் ஒவ்வொன்றிலும் பத்துச் சின்னங்களும் இருந்தன. எனவே மொத்தச் சேர்க்கைகள் ஆயிரம். பல்சக்கரமும் வில்சுருளும் உள்ள எதுவும் தேயும், சாயும், ஒரு பக்கம் கனக்கும். மான்டி கார்லோவின் ரூலெட் சக்கரங்களில் ஒன்று இப்படிச் சற்றே சாய்ந்திருந்ததை, விழுந்த எண்களைப் பல நாள் குறித்து வைத்துக் கண்டறிந்து பெருந்தொகை வென்ற ஆங்கிலேயர் ஒருவரின் வரலாறு சூதாட்ட நூல்களில் தவறாமல் இடம்பெறும். அவர் செய்தது ஏறத்தாழ கண்ட்ரோல் சார்ட் வேலைதான். தொடர்களைக் கவனித்தால் பயன் உண்டு என்னும் நம்பிக்கைக்கு இரும்பின் காலத்தில் ஓரளவு அடிப்படை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அடிப்படையை அகற்றியது 1984இல் இங்கே டெல்னஸ் என்னும் நார்வே நாட்டவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை. (அவருடைய முதற்பெயரே இங்கே என்பதால் தமிழில் இந்த வாக்கியம் சற்று விளையாட்டாக அமைந்துவிடுகிறது.) உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை உருளையிடமே விடாமல், கணினியின் எண் உருவாக்கி ஒன்று முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க, அதற்கேற்ப உருளை நிறுத்தப்படும் என்பதே அவருடைய ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 இடங்கள் இருந்தாலும், கணினிக்குள் இருக்கும் கற்பனை உருளையில் 64 இடங்கள் இருக்கலாம்; பெரும்பரிசுச் சின்னத்துக்கு அவற்றுள் ஒன்றை மட்டும் ஒதுக்கினால், மூன்று உருளைகளிலும் அது ஒருசேர நிற்பதற்கான வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. கண்ணால் பார்ப்பவரோ 22 இடங்களை வைத்து 10,648இல் ஒன்று என்று எண்ணிக்கொள்வார். மேலும், பரிசுச் சின்னத்தின் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு அதிக எண்களை ஒதுக்கிவிட்டால், பரிசு நூலிழையில் தவறிப்போனது போன்ற காட்சி அடிக்கடி தோன்றும். "கொஞ்சத்துல போச்சு" என்று ஆடுபவர் சொல்லும் அந்தக் கணம் தற்செயலின் விளைவு அன்று, ஒதுக்கீட்டின் விளைவு.

கைப்பேசியில் உருளையும் இல்லை. விரல் பட்ட நொடியிலேயே எண் தேர்ந்தெடுக்கப்பட்டு முடிவு உறுதியாகிவிடுகிறது. பிறகு திரையில் சுழல்வது ஏற்கெனவே நடந்து முடிந்ததைக் காட்டும் படம். இந்த எண் உருவாக்கியைப் போலிச் சமவாய்ப்பு எண் உருவாக்கி என்பர். சமவாய்ப்பு என்றால் அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்ல எந்த விதியும் கிடைக்காத நிலை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணிதச் சூத்திரத்தால் எண்களைப் பிறப்பிப்பதால், பார்வைக்குச் சமவாய்ப்பாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் அது முறைப்படியே இயங்குகிறது, அதனால்தான் போலி என்னும் அடைமொழி. இந்த முறையை உடைக்க முடியாதா என்றால், பழைய இயந்திரங்களில் உடைத்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் 2014இல், இயந்திரத்தின் திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து வெளிநாட்டிலிருந்த கூட்டாளிகளுக்கு அனுப்பி, சூத்திரத்தைக் கணித்துப் பொத்தானை அழுத்தும் நொடியை அறிந்துகொண்ட குழுவினர் பிடிபட்டனர். அதற்கு இயந்திரத்தின் உட்பொருளைப் பிரித்து ஆராய்ந்த பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பதையும், தோல்விகளை விரல்விட்டு எண்ணுவது அவர்களுடைய முறை அன்று என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

முறையாகச் செய்யப்பட்ட எண் உருவாக்கியில் ஒரு சுழற்சியின் முடிவு முந்தைய சுழற்சிகளின் முடிவைப் பொறுத்ததாக இராது. இப்பண்பைச் சார்பின்மை என்பர். சார்பின்மை இருந்தால் தொடர்கள் வராது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாக, சார்பின்மை இருந்தால் தொடர்கள் வந்தே தீரும். இதைப் புரிந்துகொள்ளக் கணினி வேண்டியதில்லை, பித்தளைத் தாயக்கட்டை போதும். நான்கு முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு முகம் வெறுமையாகவும் உள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்து தாயம் ஆவது இரண்டு விதங்களில் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு முறையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் இறங்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கையில் ராசி இல்லை என்று திண்ணையில் கேலி செய்வது வழக்கம். எட்டில் ஏழு என்பதைப் பத்து முறை பெருக்கிப் பார்த்தால் 0.26 வருகிறது, அதாவது நால்வர் ஆடினால் அவர்களில் ஒருவருக்கு அப்படி நேர்வது இயல்பே.

ஸ்லாட்டுக்கு வருவோம். நான்கு சுழற்சிகளில் சராசரியாக ஒன்று ஏதேனும் ஒரு தொகையைத் திருப்பித் தரும் விளையாட்டு ஒன்றையும், நிமிடத்திற்குப் பத்துச் சுழற்சிகள் என்னும் வேகத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொடர்ந்து 15 சுழற்சிகள் வெறுமையாகப் போவது சராசரியாக 295 சுழற்சிகளுக்கு ஒரு முறை, அதாவது அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிகழும். தொடர்ந்து 20 வெறுமை என்பது ஏறத்தாழ 1,257 சுழற்சிகளுக்கு ஒரு முறை, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஆட்டத்தில் ஒரு முறை. எட்டுப் புள்ளிகளுக்கே எழுந்து நிற்கப் பழகிய கண்ணுக்கு இருபது என்பது எவ்வளவு பெரிய செய்தியாகத் தோன்றும்! அந்தக் கண் அங்கே காண்பது ஒன்றுமில்லாததை. தேய்வதற்கு டூல் இல்லை, தளர்வதற்கு ஃபிக்ஸ்சர் இல்லை. 21ஆம் சுழற்சியின் வாய்ப்பு முதற்சுழற்சியில் இருந்த அதே நான்கில் ஒன்று.

மனிதருக்குத் தற்செயலின் தோற்றம் எப்படி இருக்கும் என்பதே சரியாகத் தெரியாது. ஒரு நாணயத்தை 200 முறை சுண்டினால் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தலையோ பூவோ தொடர்ச்சியாக எங்கேனும் ஓரிடத்தில் வருவதற்கு நூற்றுக்கு 96க்கு மேல் வாய்ப்பு உண்டு. ஆனால் சுண்டாமலேயே சுண்டியதாகப் பாவித்து 200 முடிவுகளை எழுதச் சொன்னால் ஆறு தலைகளை அடுத்தடுத்து எழுதத் துணிபவர் குறைவு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் ரூலெட் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தபோது, இனிச் சிவப்பு வந்துதானே ஆக வேண்டும் என்று சிவப்பின் மீது பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தனர். இதற்குச் சூதாடியின் பிழை என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாளடைவில் எல்லாம் சமமாகும் என்னும் விதியை அவர்கள் தவறாகப் படித்தனர். சக்கரத்தின் பூச்சியத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பத்துச் சிவப்பு தொடர்ந்து விழுந்த பின் மேலும் ஆயிரம் முறை ஆடும்போது எதிர்பார்க்கத்தக்கது 510 சிவப்பும் 500 கறுப்பும். விகிதம் பாதிக்கு நெருங்கி வந்துவிட்டது, ஆனால் அந்தப் பத்தை எவரும் ஈடுகட்டவில்லை, பெரிய எண்ணிக்கைக்குள் அது கரைந்துபோனது.

தோல்வித் தொடரைவிட வெற்றித் தொடர் ஆபத்தானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய ஸ்லாட்டில் ஒரே சுழற்சியில், சின்னங்கள் பொருந்தினால் பரிசு தரும் இருபது கோடுகளில் பந்தயம் வைக்கலாம். கோட்டுக்கு ஐம்பது காசு வீதம் பத்து ரூபாய் வைத்து, ஒரு கோட்டில் மூன்று ரூபாய் விழுந்தால், திரை மின்னுகிறது, மணி ஒலிக்கிறது, காசு கொட்டுவது போன்ற ஓசை எழுகிறது. நிகரக் கணக்கில் ஏழு ரூபாய் போயிற்று. வெற்றி வேடமிட்ட தோல்வி என்று இதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழைத்தனர். இத்தகைய தோல்விகளுக்கும் ஆடுபவரின் தோலில் தோன்றும் மின்மாற்றம் உண்மையான வெற்றிக்குத் தோன்றுவதை ஒத்திருப்பதை 2010இல் வெளியான ஆய்வில் அவர்கள் காட்டினர். "இன்னைக்கு விடாம அடிக்குது" என்று அறையில் ஒருவர் சொல்லும்போது அந்தத் தொடரில் எத்தனை மூன்று ரூபாய்கள் இருந்தன என்று கேட்பது பொருத்தமான கேள்வி. பிரிட்டன் 2021 அக்டோபர் 31 முதல் இத்தகைய பொய் வெற்றிகளை ஒலியாலும் ஒளியாலும் கொண்டாடுவதைத் தடைசெய்ததோடு, இரண்டு சுழற்சிகளுக்கு இடையே குறைந்தது 2.5 நொடி இருக்க வேண்டும் என்றும் விதித்தது. சூது பற்றிய குறளின் 94ஆம் அதிகாரமும் தோல்வியை எச்சரிப்பதற்கு முன் வெற்றியைத்தான் எச்சரிக்கிறது என்பதை இங்கே போகிற போக்கில் சுட்டலாம்.

திருப்பித் தரும் விகிதம் என்று ஒன்றை விளையாட்டின் விளக்கப் பக்கத்தில் காணலாம். 96 விழுக்காடு என்று போட்டிருந்தால், நூறு ரூபாய் போட்டால் நான்கு ரூபாய்தானே போகும் என்று தோன்றும். அந்த நான்கு விழுக்காடு பிடிக்கப்படுவது கையிலிருந்து போட்ட பணத்துக்கன்று, சுழன்ற பணத்துக்கு. பத்து ரூபாய் வீதம் மணிக்கு 600 சுழற்சிகள் என்றால் சுழன்ற பணம் 6,000 ரூபாய், சராசரி இழப்பு 240 ரூபாய். யுபிஐ வழியாக 500 ரூபாய் ஏற்றியவர் ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் சராசரியாக 1,200 ரூபாய் தேவை. நடுவில் வந்த சிறு வெற்றிகளெல்லாம் மீண்டும் பந்தயமாகி, மீண்டும் நான்கு விழுக்காட்டைக் கட்டிச் செல்கின்றன.

விட்டதைப் பிடிப்பது என்பது தமிழ்நாட்டில் சூதாடுவோர் எல்லோருக்கும் பொதுவான சொல். அதன் கணித வடிவம் இரட்டிப்பு: பத்து ரூபாய் போனால் இருபது, அதுவும் போனால் நாற்பது. சிவப்பா பச்சையா என்று நிமிடத்துக்கு ஒரு முறை ஊகிக்கச் சொல்லும் கலர் ப்ரிடிக்‌ஷன் செயலிகளில் இம்முறைக்கு ஆதரவாளர்கள் மிகுதி; அடுத்த நிறத்தைச் சொல்வதாகக் கூறும் டெலிகிராம் குழுக்களும் இதையே பரிந்துரைக்கின்றன. எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 2,550 ரூபாய். ஒன்பதாவது முறை 2,560 ரூபாய் வைத்து வென்றாலும் மிஞ்சுவது தொடக்கத்தில் வைத்த பத்து ரூபாய் மட்டுமே. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் எட்டுத் தோல்விகள் தொடர்வதற்குச் சராசரியாக 510 சுற்றுகள் பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் எட்டரை மணி நேரம், ஏறத்தாழ ஒரு ஷிப்ட்.

இத்தகைய செயலிகளைப் பொறுத்தவரை சார்பின்மை என்னும் பேச்சையே ஐயத்தோடு கேட்க வேண்டும். உரிமம் வழங்கும் நாடுகளில் எண் உருவாக்கியைத் தனி ஆய்வகங்கள் சோதித்துச் சான்றளிக்கின்றன. எந்த நாட்டில் யார் நடத்துகிறார் என்றே தெரியாத செயலிக்கு அத்தகைய சோதனை ஏதும் இல்லை. எல்லோரும் வைத்த பந்தயத்தைப் பார்த்த பிறகு, குறைவாகப் பணம் விழுந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க நடத்துபவரால் முடியும். அப்போது தொடருக்குக் காரணம் உண்டு, தொழிற்சாலையின் விதி சரியாகிவிடுகிறது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் தொழிற்சாலையில் காரணத்தைக் கண்டறிந்தவருக்கு டூலை மாற்றும் அதிகாரம் இருக்கிறது. இங்கே காரணம் மற்றவர் கையில் இருக்கிறது. ஆட்டம் நேர்மையானதானால் தொடருக்குப் பொருள் இல்லை, நேர்மையற்றதானால் அதன் பொருள் ஆடுபவருக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கும்.

லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் 2003இல் தடைசெய்யப்பட்ட பின்னும், கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்களை வைத்து நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி தொடர்பாகக் காவல்துறை இன்றுவரை வழக்குப் பதிந்து வருகிறது. அங்கும் பல நாள் வராத எண்ணைத் தேடிப் போடுவது வழக்கம். ஆயிரத்தில் ஒன்று என்னும் வாய்ப்பில் ஆயிரம் நாள் விடாமல் போட்டாலும் ஒரு முறைகூட விழாமலே போவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு.

சூதை அறிவால் வெல்லலாம் என்னும் ஆசைக்கு நம் மரபில் மிகப் பழைய கதை நளனுடையது. சூதில் நாட்டை இழந்த நளன், தேரில் செல்லும்போது தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன மன்னன் இருதுபன்னனிடம் அந்த வித்தையைக் கற்று, பின்னர் மறுசூதில் வென்றான் என்கிறது கதை. பழங்காலச் சூதில் தான்றிக் காய்களை அள்ளிப் போட்டு, நான்கு நான்காகக் கழித்தபின் மிஞ்சுவதைக் கொண்டு வெற்றியை முடிவுசெய்யும் முறை இருந்தது என்று ஆய்வாளர்கள் விளக்குவதைச் சேர்த்துப் படித்தால், விரைவாக எண்ணத் தெரிந்தவன் வெல்வதில் மாயம் ஏதும் இல்லை. நளன் கற்றது திறமை. அந்தத் திறமை நுழைய ஆட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. ஸ்லாட்டில் அது அடைக்கப்பட்டிருக்கிறது.

திறமையா தற்செயலா என்னும் இதே கேள்வியைச் சுற்றித்தான் சட்டமும் நெடுங்காலம் சுழன்றது. கிண்டியின் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2021இல் இயற்றிய சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அச்சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. இணையச் சூதாட்டச் சட்டங்கள் மீதான இவ்வழக்குகளில் ரம்மிக்காக வாதாட வழக்கறிஞர்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்லாட்டைத் திறமை என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. பின்னர் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ தற்செயலோ பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்று அந்த வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் முன் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் வகுத்த விதிகளில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒன்று இருந்தது. உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் அதைச் சரி என்றது. இரண்டாம் ஷிப்ட் முடித்த தொழிலாளர் அறைக்கு வந்து படுத்தும் உறக்கம் வராமல் கைப்பேசியைக் கையில் எடுக்கும் நேரம் அதுதான் என்பதால், ஒரகடம் பகுதிக்கு வேறெந்த விதியையும்விட அது பொருந்தியது. வெளிநாட்டுச் செயலிகள் அந்த விதியையும் மதிப்பதில்லை, மத்தியச் சட்டத்தையும் மதிப்பதில்லை. அவற்றில் பணம் இழந்து ஏமாந்தவர் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கலாம். விட்டதைப் பிடிக்கும் எண்ணத்திலிருந்து மீள முடியாமல் தவிப்பவருக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழில், கட்டணமின்றி, இரவு ஷிப்ட் நேரத்திலும் கிடைக்கிறது.